துணியில் இருக்கும் ஐயாவுக்கு

ஐயா,
இன்று புதன்கிழமை. உங்கள் முகத்தைத் துவைத்தேன்.
ஜூலையில் லாரியிலிருந்து வீசினீர்களே,
அதே சித்தேங்கே துணிதான்.
என் இடுப்பைச் சுற்றி ஆறு முறை சிரிக்கிறீர்கள்.
மகனை முதுகில் கட்டவும் இதைவிட்டால் வேறில்லை.
நேற்று உங்கள் நெற்றியை நனைத்துவிட்டான்.
தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்,
அவனுக்குப் பத்து மாதம், எந்தக் கட்சியும் இல்லை.

கித்வேயில் ஒலிபெருக்கிகள் ஓய்ந்துவிட்டன.
உங்களுக்கு மேளம் அடித்த பையன்கள்
செம்புச் சுரங்கத்தின் வாசலில்
பழையபடி வேலைக்கு வரிசை நிற்கிறார்கள்.
சுவரொட்டியைக் கிழித்து
சந்தையில் நிலக்கடலை மடிக்கிறோம்.
ஒரு பொட்டலத்துக்கு உங்கள் ஒரு காது.
என் கால்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை
எல்லாம் முடிந்தது என்று.

இருநூற்றுப் பன்னிரண்டு கதவு, ஐயா,
வுசாக்கிலேயில் உங்களுக்காக நான் தட்டியது.
ஆம் எத்தனை, இல்லை எத்தனை,
உங்கள் ஆட்கள் கேட்டது அவ்வளவுதான்.
ஆனால் கதவைத் திறக்கிறவர்கள்
ஆம் இல்லையோடு நிறுத்துவதில்லை.
நம்வீங்காவின் குழாயில் இரவு இரண்டு மணிக்குத்தான் தண்ணீர்.
கபுண்டாவின் புருஷன் புகை இருமுகிறான், வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகியும்.
கிளினிக் முன்னால் சாக்கடைக்கு மூடியில்லை,
பிரசவத்துக்கு வந்தவள் உள்ளே விழுந்தாள்.
எல்லாம் ஓரத்தில் பொடி எழுத்தில் குறித்தேன்.
தேர்தல் இரவு எண்ணிக்கையை வாங்கிக்கொண்டார்கள்.
நோட்டை யாரும் கேட்கவில்லை.

அதனால் வியாழன்தோறும் நகராட்சிக்குப் போகிறேன்,
தக்காளிக் கூடையைப் பக்கத்துக் கடையில் விட்டுவிட்டு.
முதல் வாரம் எழுத்தர் சிங்காலா நிமிர்ந்து பார்த்தார்:
"தேர்தல்தான் முடிந்துவிட்டதே அம்மா?"
"சாக்கடை முடியவில்லையே" என்றேன்.
நாற்காலி காட்டவில்லை. வெளியே பெஞ்சு இருந்தது.

மூன்றாம் வாரம் பெஞ்சில் முகுப்பா.
உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்:
நம் லாரியின் மேல்
மீன் கழுவிய தண்ணீரை ஊற்றியவள்.
மழை வந்தால் அந்தச் சாக்கடை
முதலில் நுழைவது அவள் வீட்டில்.
தோற்றவரின் துணியைக் கட்டியிருந்தாள்,
அவளுக்கும் வேறில்லை போல.
முறைத்தாள். முறைத்தேன்.
பெஞ்சு சின்னது.
எந்த மேடையிலும் நடக்காதது அங்கே நடந்தது:
நீங்களும் அவரும்
தொடையோடு தொடை ஒட்டி
பதினொன்றரை மணிவரை உட்கார்ந்திருந்தீர்கள்.
வாட்டிய சோளத்தில் பாதியை ஒடித்துத் தந்தாள்.
உப்பு அதிகம். சொல்லவில்லை.

இப்போது ஐந்து பேர் போகிறோம்.
ஒரு வாரம் ஏழு.
ஒரு சாவு விழுந்த வாரம் நான் மட்டும்.
நோட்டை முகுப்பாதான் வாசிக்கிறாள்,
மீன் விற்கிற குரல்,
சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரியும்
கேட்டே ஆகவேண்டும்.

அக்டோபர் கடைசியில் சிமென்ட் பலகை வந்தது.
முப்பது கேட்டோம், பதினொன்று.
ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எண்ணினோம்.
பெற்றது பதினொன்று, பாக்கி பத்தொன்பது என்று
எழுதினால்தான் கையெழுத்து என்றாள் முகுப்பா.
சிங்காலா பேனாவைத் தேடினார்.
என்னிடம் இருந்தது, உங்கள் பெயர் அச்சிட்ட பேனா.
இன்னும் எழுதுகிறது, ஐயா,
நீங்கள் கொடுத்ததில் அது ஒன்று உருப்படி.

போன வாரம் உங்கள் கார்
எங்கள் தெருவைத் தாண்டிப் போனதாம்.
கோபம் இல்லை என்றால் பொய்.
ஆனால் அன்று வியாழன்,
நான் வீட்டில் இல்லை.

சாயம் போய்க்கொண்டிருக்கிறது.
முதலில் டை போனது, பிறகு சிரிப்பு.
மூக்குக் கண்ணாடி மட்டும் நல்ல கறுப்பு,
அப்படியே நிற்கிறது.
பாருங்கள், அது போதும்.
இரவுக்குள் காய்ந்துவிட்டால்
காலையில் கட்டிக்கொள்வேன்.
மேற்கே வானம் இருட்டிக்கொண்டு வருகிறது,
பாக்கி பத்தொன்பது.